திருப்ப முடியாத பால் வால்வு: குறை கையிலா, குழாயிலா?

உப்பிலியபுரம் ஒன்றியத்தில் சோபனபுரம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இரண்டு மாதங்களுக்கு முன் என் மேசைக்கு வந்தது. "சொட்டுநீர் வால்வைத் திருப்பவே முடியவில்லை. வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார். நான் ஒருத்தியாகத்தான் நான்கு வால்வையும் மாற்றி மாற்றித் திறக்கிறேன். கை மணிக்கட்டு வீங்கிப் போகிறது. பெண்கள் திருப்புகிற மாதிரி லேசான வால்வு இருக்கிறதா, அதற்கு மானியம் உண்டா?"

கேள்வி எளிதாகத் தெரிந்தது. "உண்டு, இல்லை" என்று இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த வாரம் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். போகாமல் இருந்திருந்தால் தப்பான பதிலை எழுதியிருப்பேன்.

பச்சைமலை அடிவாரம். போர் தண்ணீர். ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம், மீதியில் வாழை. நான்கு பிரிவாகச் சொட்டுநீர், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு 63 மி.மீ. பிளாஸ்டிக் பால் வால்வு. மூன்றாவது வால்வின் கைப்பிடி உடைந்து கிடந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் சார் த்ரீ பேஸ் வந்துச்சு. வாழைக்கு விடணும்னு வெங்காயத்து வால்வ மூடப் போனேன், அசைய மாட்டேங்குது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒன்றரை அடி பைப்ப சொருகி ஒரு இழு இழுத்தாரு. கைப்பிடி சுத்திருச்சு. மூடியாச்சுன்னு நெனச்சுட்டு வந்து படுத்துட்டேன்."

கைப்பிடி சுற்றியது உண்மை. உள்ளே இருந்த உருண்டை சுற்றவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள தண்டு முறுக்கி அறுந்துவிட்டது. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது காயப் போட்டிருந்த வெங்காயத்தில், அந்த இரவும் மறு இரவும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை வைத்தால் புதைகிறது. அந்தப் பிரிவில் கால் ஏக்கருக்கு மேல் அழுகல் கண்டது. வால்வின் விலை சில நூறு ரூபாய். போனது அந்தப் போக வெங்காயத்தின் லாபம்.

நான் வேளாண்மை படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனால் இந்த வால்வு சங்கதி பண்ணைக் கருவிகள் பாடத்தில் படித்த ஒரே ஒரு கணக்குக்குள் அடங்கிவிடும். அதைத் தெரிந்துகொண்டால் பல பேருக்கு வால்வும் தப்பும், மணிக்கட்டும் தப்பும்.

உள்ளே என்ன இருக்கிறது

பால் வால்வுக்குள் நடுவில் துளை போட்ட ஓர் உருண்டை இருக்கிறது. துளை குழாய்க்கு நேராக நின்றால் தண்ணீர் போகும். கால் வட்டம் திருப்பினால் துளை குறுக்கே திரும்பி அடைத்துக்கொள்ளும். உருண்டைக்கு முன்னும் பின்னும் இரண்டு வளையங்கள் அதைக் கவ்விக்கொண்டிருக்கும். பெரும்பாலும் டெப்லான், அதாவது ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே பொருள். உருண்டையின் தலையில் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி ரப்பர் வளையம், மேலே கைப்பிடி. அவ்வளவுதான்.

கைப்பிடியைத் திருப்பத் தேவைப்படுவது வெறும் பலம் இல்லை. எவ்வளவு பலத்தை, தண்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் கொடுக்கிறோம் என்பது சேர்ந்ததுதான் கணக்கு. இதை முறுக்குவிசை என்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தில் திருப்புத்திறன் என்ற பெயரில் வரும். பாட்டி வீட்டுத் திருகைக் கல்லில் கைப்பிடியை விளிம்பில்தான் நட்டிருப்பார்கள். நடு அச்சுக்குப் பக்கத்தில் நட்டிருந்தால் ஆள் மாற்றி ஆள் வந்தாலும் ஒரு படி கேழ்வரகு அரைபடாது. 8 செ.மீ. தூரத்தில் 10 கிலோ பலம் கொடுத்தால் 80 கிலோ-செ.மீ. அதே 10 கிலோவை 16 செ.மீ. தூரத்தில் கொடுத்தால் 160. கம்பெனிப் புத்தகங்களில் இதையே நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். சுமார் 10 கிலோ-செ.மீ. என்பது 1 நியூட்டன் மீட்டர்.

இப்போது உருண்டைப் பக்கம் வருவோம். 63 மி.மீ. வால்வில் துளை சுமார் 5 செ.மீ. அகலம். மூடியிருக்கும்போது தண்ணீர் தள்ளுகிற பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. குழாயில் அழுத்தம் 2 கிலோ என்றால், உருண்டையின் முதுகில் 40 கிலோ சுமை. அழுத்தம் 6 கிலோ என்றால் 120 கிலோ. இரண்டு சிமெண்டு மூட்டைக்கு மேல்! இந்தச் சுமையோடுதான் உருண்டை பின்பக்க வளையத்தில் சாய்ந்துகொண்டு உரசித் திரும்புகிறது.

டெப்லான் வழுவழுப்பானது, சுமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உரசல் வராது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ சுமைக்கு 4 கிலோ உரசல். உருண்டையின் ஆரம் 4 செ.மீ. என்றால் 16 கிலோ-செ.மீ. 8 செ.மீ. கைப்பிடியில் 2 கிலோ பலம் போதும். 120 கிலோ சுமைக்கும் 6 கிலோதான். இதோடு வளையங்களின் இறுக்கமும் தண்டு ரப்பரின் பிடிப்பும் சேரும், அதனால் புது வால்வே இந்தக் கணக்கைவிடக் கூடுதலாகத்தான் கேட்கும். இருந்தாலும் ஒரு ஆள் கைக்கு அடங்காத அளவு இல்லை. அப்படியானால் அந்த அம்மாவின் வால்வு ஏன் அசையவில்லை?

வால்வு இறுகுவது எப்படி

உடைந்த வால்வைக் கழற்றிப் பார்த்தோம். உருண்டையின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. டீ போடும் பாத்திரத்தில் படிகிற அதே உப்பு. உருண்டைக்கும் வால்வின் உடம்புக்கும் இடையே ஒரு சந்து இருக்கிறது. மூடும்போது அந்தச் சந்தில் கொஞ்சம் தண்ணீர் சிறைப்பட்டு நிற்கும். வெயிலில் அது சூடேறும், உப்பு பிரியும், நாளுக்கு நாள் படியும். வழுவழு உருண்டை உப்புக் காகிதம் போல ஆகிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு என்று போட்ட உரசல் பாதிக்குப் பாதியாக ஏறினால், மேலே சொன்ன 2 கிலோ 10 கிலோ ஆகிறது. 6 கிலோ 30 கிலோ ஆகிறது. போதாக்குறைக்கு மணல் துகள் வளையத்துக்குள் சொருகிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் தள்ளுவது லேசு, நிற்கும் வண்டியை நகர்த்துவதுதான் கஷ்டம். வால்வும் அப்படித்தான். அசைகிற முதல் நொடியில்தான் அதிக முறுக்குவிசை கேட்கும், அசைந்துவிட்டால் குறைந்துவிடும். பல வாரம் தொடாமல் கிடந்த வால்வில் வளையம் உருண்டையோடு ஒட்டிக்கொள்வதால் இந்த முதல் அசைவு மிகவும் கடினம். அறுவடைக்குப் பின் மூன்று மாதம் கிடப்பில் போட்ட தோட்டத்து வால்வைக் கேட்டால் சொல்லும்.

மூன்றாவது காரணம் பொருத்தும்போதே செய்கிற தவறு. சொல்யூஷனைத் தாராளமாகப் பூசி, அது உள்ளே வழிந்து, உருண்டையை வளையத்தோடு ஒட்டிவிடுகிறது. புது வால்வு முதல் நாளே இறுக்கமாக இருந்தால் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும். வால்வைத் திறந்த நிலையில் வைத்து, சொல்யூஷனைக் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிசாகப் பூசி ஒட்ட வேண்டும். காய்கிறவரை திருப்பக் கூடாது. இரண்டு பக்கமும் கழற்றும் யூனியன் வைத்த வால்வில் வேறொரு ஆபத்து: ஒழுகுகிறதே என்று யூனியனைப் பைப் ரிஞ்ச் போட்டு மேலும் மேலும் இறுக்கினால், உள்ளே வளையம் உருண்டையை நசுக்கும். ஒழுகல் நிற்கும், வால்வும் நிற்கும்.

அளவு ஏறினால் எத்தனை மடங்கு

துறையூர்க் கடையில் ஒரு விவசாயி, "63-க்குப் பதிலா 90 போட்டுட்டா தண்ணி நல்லா வரும்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வரும். ஆனால் திருப்ப வேண்டுமே! அளவு ஏறும்போது தண்ணீர் தள்ளுகிற பரப்பு இரண்டு வழியிலும், அதாவது நீளத்திலும் அகலத்திலும் ஏறுகிறது. உருண்டையின் ஆரமும் ஏறுகிறது. ஆக மூன்று மடிப்பாகக் கூடும். வால்வின் அளவு இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்தில் தண்ணீரால் வரும் முறுக்குவிசை எட்டு மடங்கு. 63-லிருந்து 90-க்குப் போனால் ஏறக்குறைய மூன்று மடங்கு. கைப்பிடி மட்டும் மூன்று மடங்கு நீளமாக இருக்காது. கூட்டுக் குடிநீர்த் திட்டப் பெருங்குழாய்களில் வால்வின் மேல் பல்சக்கரப் பெட்டியும் சுற்றுகிற சக்கரமும் வைத்திருப்பது இதனால்தான். பல சுற்றுச் சுற்றிக் கால் வட்டம் திருப்புவார்கள்.

அந்தத் தோட்டத்தில் நடந்த இன்னொரு தவறு

உப்பு மட்டும்தான் காரணம் என்று எழுதிவிட்டு வந்திருப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று, "எப்படி மாத்துவீங்க, ஒரு தடவை மாத்திக் காட்டுங்கம்மா" என்றேன்.

அவர் முதலாம் பிரிவு வால்வை மூடினார். பிறகு அறுபது எழுபது அடி நடந்து போய் இரண்டாம் பிரிவு வால்வைத் திறந்தார். முக்கி முனகித்தான் திறந்தார். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். மடையை அடைத்துவிட்டு அடுத்த மடையைத் திறந்து பழகிய கை.

வாய்க்காலில் அது சரி. மோட்டார் ஓடுகிற குழாயில் தப்பு. எல்லா வால்வும் மூடியிருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம், சப்மெர்சிபிள் மோட்டார் போகிற வழியில்லாமல் முழு அழுத்தத்தையும் குழாயில் ஏற்றுகிறது. சொட்டுநீர் ஓடும்போது 2 கிலோ காட்டுகிற மீட்டர் அப்போது 6 கிலோவுக்கும் மேலே போகலாம். அதாவது 40 கிலோ சுமையில் திறக்க வேண்டிய உருண்டையை 120 கிலோ சுமையில் இவரே ஏற்றி வைத்துவிட்டுத் திறக்கப் போகிறார்.

முறையை மாற்றச் சொன்னேன். முதலில் அடுத்த பிரிவைத் திறங்கள். இரண்டு பிரிவிலும் தண்ணீர் ஓடும்போது அழுத்தம் இறங்கும். பிறகு வந்து பழையதை மூடுங்கள். கடைசிப் பிரிவு முடிந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு மூடுங்கள். அன்றே மீதி மூன்று வால்வில் இரண்டு அவர் கைக்கு வந்துவிட்டன. "இத இத்தன வருசமா யாரும் சொல்லல சார்" என்றார். சொட்டுநீர் போட்டுக் கொடுத்த நாளில் நாங்களும்தான் சொல்லவில்லை.

மூடும் வேகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தோட்டத்தில் மெயின் லைன் போன வருடம் இரண்டு முறை வெடித்திருக்கிறது. கேட் வால்வைப் பல சுற்றுச் சுற்ற வேண்டும், அதனால் தானாகவே மெதுவாக மூடும். பால் வால்வு கால் வட்டம்தான், ஒரே தட்டில் மூடிவிடலாம். இறுகிய வால்வு என்றால் ஆளும் வேகமாகத்தான் இழுப்பார். அசையாமல் இருந்தது திடீரென்று விட்டுக்கொடுத்துப் படாரென்று மூடும். ஓடி வந்த தண்ணீர் சுவரில் மோதிய லாரி போல நிற்கிறது. ரஷ்யாவில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களை வைத்து ஜூக்கோவ்ஸ்கி என்ற அறிஞர் 1890-களின் கடைசியில் இதை அளந்து கணக்கு எழுதினார். அந்தக் கணக்கைப் பி.வி.சி. குழாய்க்குப் போட்டால், விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் ஏற்கெனவே இருக்கிற அழுத்தத்துக்கு மேல் சுமார் 6 கிலோ கூடுகிறது. நம்மில் பலர் புதைத்திருப்பது 4 கிலோ குழாய், கொஞ்சம் வசதி இருந்தால் 6 கிலோ குழாய். 200 மீட்டர் லைனில் ஒரு விநாடிக்குள் மூடினால் முழு அடியும் விழும். மனதுக்குள் பத்து எண்ணிக்கொண்டே மூடுங்கள்.

தராசு வைத்துப் பாருங்கள்

உங்கள் வால்வு இறுகிவிட்டதா என்று கண்டுபிடிக்கக் கடைத்தெருவில் விற்கும் கொக்கித் தராசு போதும். கைப்பிடியின் நுனியில் கயிறு கட்டி, தராசின் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குக் குறுக்காக, நேர்கோணத்தில் இழுங்கள். வால்வு அசையத் தொடங்கும் நொடியில் முள் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பாருங்கள். தண்டின் நடுவிலிருந்து கயிறு கட்டிய இடம் வரை எத்தனை செ.மீ. என்று அளந்து பெருக்குங்கள். கிடைப்பதுதான் உங்கள் வால்வின் முறுக்குவிசை. புது வால்வு பொருத்திய வாரமே அளந்து, பக்கத்துக் கல்லிலோ பம்ப்செட் சுவரிலோ பெயிண்டால் எழுதி வையுங்கள். அது இரண்டு மடங்கானால் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் என்பது என் கணக்கு.

ஒரு முறை மோட்டார் ஓடும்போதும், ஒரு முறை நின்று அழுத்தம் இறங்கிய பின்பும் அளந்து பாருங்கள். மோட்டார் நின்றதும் லேசானால் கோளாறு அழுத்தத்தில். மாற்றும் முறையைத் திருத்துங்கள். நின்ற பிறகும் அப்படியே இருந்தால் உப்போ, மணலோ, நசுங்கிய வளையமோ உள்ளே இருக்கிறது. மேட்டுப் பூமியில் குழாய் ஏறி இறங்கினால் மோட்டார் நின்றாலும் அழுத்தம் கொஞ்சம் நிற்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் 1 கிலோ.

இரும்புக் குழாயைச் சொருகி இழுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். 8 செ.மீ. கைப்பிடியில் 30 கிலோ பலம் போட்டால் 240 கிலோ-செ.மீ. அதே ஆள் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. பைப்பில் அதே பலத்தைப் போட்டால் 1,350. கைப்பிடியின் நீளத்தை மனதில் வைத்துத்தான் தண்டின் தடிமனை வைக்கிறார்கள். ஐந்தரை மடங்கு முறுக்கைப் பிளாஸ்டிக் தண்டு தாங்காது, வெயிலில் வருடக்கணக்காக நொறுங்கிப் போன தண்டு நிச்சயம் தாங்காது. இரண்டு சிறகு உள்ள கைப்பிடி என்றால் இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்புங்கள். ஒரே பக்கம் இழுத்தால் தண்டு சாய்ந்து ரப்பரும் ஒழுகும்.

சுத்தம் செய்வது பற்றி. யூனியன் வால்வு என்றால் கழற்றி, உருண்டையை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறப் போட்டு மெல்லிய துணியால் துடைக்கலாம். கத்தியால் சுரண்டினால் கீறல் விழுந்து ஒழுகும். ஒட்டிய வால்வைக் கழற்ற முடியாது. சொட்டுநீர்க் குழாய்க்கு அமிலச் சுத்தம் செய்யும் நாளில்தான் அதற்கும் வைத்தியம். லேட்டரலின் கடைசியில் வரும் தண்ணீரின் கார அமில நிலை 4 வரை இறங்கும்படி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தி, நிறுத்தி, 24 மணி நேரம் விட்டுப் பிறகு கழுவி விடுவது வழக்கம். அமிலத் தண்ணீர் போகும்போது வால்வைக் கால்வாசி, அரைவாசி என்று நாலைந்து முறை அசைத்தால் அந்தச் சந்துக்குள்ளும் போய்ச் சேரும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் வேண்டாம். பித்தளை, இரும்பு வால்வு இருக்கும் லைனில் இது கூடாது.

கிரீஸ், இன்ஜின் ஆயில் விட்டால் லேசாகும் என்று சிலர் செய்கிறார்கள். அன்றைக்கு லேசாகும். பல வால்வுகளில் இருக்கும் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதி, பிறகு முன்பைவிட இறுகும். விட்டே ஆக வேண்டும் என்றால் சிலிக்கான் கிரீஸ். வெயிலுக்குச் சாக்கு சுற்றி வையுங்கள். பயிர் இல்லாத நாளிலும் மாதம் ஒரு முறை எல்லா வால்வையும் திறந்து மூடுங்கள்.

இது தொடர்பாக வந்த கேள்விகள்

*மானியத்தில் புது வால்வு கிடைக்குமா?*

தமிழ்நாட்டில் சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. முழு அமைப்புக்குத்தான், தனி வால்வுக்கு இல்லை. ஏற்கெனவே மானியம் வாங்கிய நிலத்துக்கு 7 ஆண்டுகள் கழித்தே மறுபடி வாங்கலாம். சிறு, குறு விவசாயி சான்றைத் தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். புதிதாகப் போடும்போது யூனியன் வைத்த வால்வைக் கேளுங்கள், பொருத்தும் நாளில் நீங்களே ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

*போனிலிருந்தே திறக்கும் மோட்டார் வால்வு வாங்கலாமா?*

வாங்கலாம். ஆனால் அந்தச் சின்ன மோட்டார் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கேளுங்கள். வால்வுக் கம்பெனி சொல்லும் அளவோடு கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூடுதலாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் அரைப் பங்கே வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் கை இறுக்கத்தை உணர்ந்து நிற்கும். மோட்டார் சுருண்டு எரியும்.

*பாதி திறந்து வைத்து அழுத்தத்தைக் குறைக்கலாமா?*

பால் வால்வில் வேண்டாம். வேகமாகச் சீறும் தண்ணீரும் மணலும் வளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அரிக்கும். கூடுதல் தண்ணீரைப் பைபாஸ் வால்வு வழியாகத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்புங்கள்.

கடிதம் எழுதிய அம்மாவின் நான்காவது வால்வு அமிலச் சுத்தத்துக்குப் பிறகும் முழுதாக இளகவில்லை. தராசில் 10 கிலோவுக்கு மேல் கேட்கிறது. அதை அறுத்து எடுத்துவிட்டு யூனியன் வால்வு போடச் சொல்லியிருக்கிறேன். வெங்காயம் விற்ற மிச்சக் காசில் அடுத்த மாதம் போடுவதாகச் சொன்னார்.